காந்தப் பரிவு விம்பமாக்கல்: சொல்லும், கட்டியின் 'தரமும்'

எம்.ஆர்.ஐ. என்பதை எங்கள் பாடநூல் தமிழில் சொன்னால் காந்தப் பரிவு விம்பமாக்கல். வன்னியில் அப்படி யாரும் சொல்வதில்லை. 'தலைக்கு ஸ்கான் எடுக்கச் சொல்லிப்போட்டினம்' என்பதுதான் பேச்சு. சீ.ரீ.யா எம்.ஆர்.ஐ.யா என்பது துண்டை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். சீ.ரீ. எக்ஸ்ரேயால் எடுப்பது, மற்றதில் காந்தமும் வானொலி அலையும்தான்.

காந்தம் வடமொழி 'அயஸ்காந்தம்' வழி வந்தது. இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். பரிவு என்றால் வீட்டுப் பேச்சில் இரக்கம். ஏ.எல். பௌதிகவியல் படித்தவருக்கோ பரிவுக் குழாய் ஞாபகம் வரும். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்தபடி குழாயை மெல்ல உயர்த்த, ஓரிடத்தில் சத்தம் குபீரென்று எழும். கவையின் மீடிறனும் (ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பது) உள்ளே நிற்கும் காற்றின் மீடிறனும் ஒன்றான இடம் அது. உடம்புத் தண்ணீரில் உள்ள ஐதரசன் அணுவின் கருவும் அப்படித்தான்: 1.5 தெசுலா காந்தத்துக்குள் சுமார் 64 மெகாஹேட்ஸ் அலைக்குப் பரிவு காட்டும். அலை நின்றதும் அது திருப்பித் தரும் சைகையை வைத்துக் கணினி விம்பம் கட்டுகிறது. தமிழ்நாட்டில் ஒத்ததிர்வு என்பார்கள். தெளிவு அதில் கூட. எனக்கு என்னவோ பரிவுதான் பிடிக்கும்.

பெயரில் முதலில் 'கரு'வும் இருந்தது. 1946 இல் பீலிக்ஸ் புளொக்கும் எட்வேட் பேர்செலும் தனித்தனியே காட்டியது கருக் காந்தப் பரிவு. மருத்துவமனைக்கு வந்தபோது, அணுகுண்டை நினைத்து நோயாளர் மிரள்வார்களென்று அந்தச் சொல்லைக் கழற்றிவிட்டார்கள். 1973 இல் இந்த முறையில் விம்பம் எடுத்துக் காட்டிய போல் லோட்டபர், நுகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வேறொரு பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர், நிலைக்கவில்லை. 2003 இல் அவருக்கும் பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரேக் கதிர் இல்லைத்தான், ஆனால் காந்தம் இருக்கிறது. 'உடம்பிலை பீஸ் இருக்கு' என்று சாதாரணமாகச் சொல்லும் ஆட்கள் இங்கே நிறையப் பேர். பீஸ் என்பது எறிகணைத் துண்டு. அது இரும்பென்றால் காந்தம் அதை அசைக்கலாம். கண்ணிலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ கிடந்தால் ஆபத்து. ஸ்கானுக்கு முன் கேட்கும்போது ஆறிப்போன காயத்தையும் சொல்லவேண்டும். சந்தேகமென்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

இனி 'தரம்'. மூளைக் கட்டி என்றதும் சொந்தக்காரர் கேட்பது, 'எத்தினையாம் ஸ்ரேஜ்?' ஸ்ரேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியது என்ற கணக்கு. மூளையில் தொடங்கும் கட்டி மூளையையும் முண்ணாணையும் தாண்டுவது அரிது. அதனால் அதற்குச் சொல்வது கிரேட்: 1 முதல் 4 வரை, கலங்கள் எவ்வளவு மூர்க்கமாகப் பெருகும் என்பதன் அளவு. அகராதிப்படி தரம் சரி. ஆனால் எங்கள் ஊரில் தரம் 4 என்றால் பள்ளிக்கூடம், தரம் 5 என்றால் புலமைப்பரிசில், உயர்தரம் என்றால் ஏ.எல். 'உயர்தரக் கட்டி' என்று ஒரு அம்மாவிடம் சொன்னால், ஏதோ நல்ல வகைக் கட்டியென்று அவர் நினைத்தாலும் குற்றமில்லை. வீரியத் தரம் என்று சேர்த்தே எழுதலாம். பேச்சில் 'வீரியம் கூடின கட்டி' போதும்.

எம்.ஆர்.ஐ. இந்த வீரியத்தை ஊகிக்க உதவும். ஊசியால் ஏற்றும் கடோலினிய மருந்து, குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடை உடைந்த இடத்தில் கசிந்து வெள்ளையாகத் தெரியும். நடு கறுத்து ஓரம் வளையமாக வெளுத்தால் கிளையோபிளாஸ்டோமா என்ற தரம் 4 கட்டியை நினைப்பார்கள். சீழ்க்கட்டியும் அதே வளையத்தைக் காட்டும், அப்புறம் வேறிடத்துப் புற்றுநோய் மூளைக்கு வந்ததும் காட்டும். கட்டிக்குள் நீர் அசைய இடமில்லையென்று விம்பம் காட்டினால் கலங்கள் நெருக்கமாக இருக்கலாம். குருதி கூடப் பாய்ந்தால் புதுக் குழாய்கள் முளைத்திருக்கலாம். எல்லாம் 'லாம்'தான். பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும் பைலோசைற்றிக் அஸ்ரோசைற்றோமா பளிச்சென்று வெளுக்கும், ஆனால் அது தரம் 1. கொஞ்சமும் வெளுக்காத கட்டி சில வேளை 3 ஆக இருக்கும்.

ஆகவே ஒரு துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். பயொப்சி என்பது அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்படுத்தல் அதோடும் விடவில்லை. வளர்ந்தவர்களின் சில கட்டிகள் நுணுக்குக்காட்டியில் சாதுவாகத் தெரிந்தாலும், குறித்த மரபணு மாற்றங்கள் அகப்பட்டால் அவற்றுக்கும் தரம் 4 தான்.