பிள்ளையை மல்யுத்தம், கராத்தே பழக அனுப்புகிறீர்களா? கடதாசியை இப்போதே பாருங்கள்

வன்னியில் ஏ9 வீதியோரம் எந்தச் சந்தியில் இறங்கினாலும் இப்போது ஒரு கராத்தே வகுப்புப் பலகை கண்ணில் படுகிறது. 2022 இல் முல்லைத்தீவின் இந்துகாதேவி லாகூர் போய் சவாட் குத்துச்சண்டையில் தங்கம் எடுத்து வந்தபோது ஊரே வாழ்த்தியது. ஆறேழு வயதுப் பிள்ளையைத் தாராளமாகப் பழக அனுப்பலாம், விழவும் எழும்பவும் பழகும், நல்லதுதான். ஆனால் பத்து வருடம் பழகிச் சுவர் நிறையச் சான்றிதழ் தொங்கவிட்ட பிள்ளை, உயர்தரம் முடித்து, விளையாட்டுத் திறமையை வைத்துக் கிடைக்கிற பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில், அதில் ஒன்றுகூட எடுபடாது என்று கேட்டு அழுவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். நேரத்தோடு யாரும் அந்தத் தாய் தகப்பனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போட்டிக்குப் போக முக்கியமாக இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று கல்வி அமைச்சின் பாதை: பாடசாலை, கல்வி வலயம், மாகாணம், பிறகு அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா. மற்றது விளையாட்டு அமைச்சின் பாதை: பிரதேச செயலகம், மாவட்டம், மாகாணம், தேசிய விளையாட்டு விழா. சின்னப் பிள்ளைக்கு முதலாவதுதான் பாதை. இதற்கு வெளியே தனியார் கழகங்கள் நடத்துகிற போட்டிகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் எடுத்த மெடல் வீட்டுக்கு அழகு. விசேட அனுமதிக்குப் போகும்போது உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்திருக்க வேண்டும், கூடவே தேசிய மட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் எடுத்த இடம் வேண்டும். கறுப்புப் பட்டி என்பது போட்டியில் எடுத்த இடம் இல்லை.

அதனால் முதல் கேள்வி, உங்கள் பிள்ளையின் பெயர் பாடசாலை வலயத்துக்கு அனுப்புகிற பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்பது. இங்கேதான் முதல் இழுத்தடிப்பு. "எங்கட பாடசாலையில இந்த விளையாட்டு இல்லையே" என்று அதிபர் சொல்வார். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களின் சின்னப் பாடசாலைகளில் இது வழக்கமான பதில். மல்யுத்தமும் கராத்தேயும் தனிநபர் விளையாட்டு, பதினொரு பேர் சேர்த்து அணி கட்டத் தேவையில்லை. பிள்ளை வெளியே கழகத்தில் பழகினாலும் பாடசாலையின் பெயரில்தான் இறங்க வேண்டும், அதற்குத் தேவை ஒரு பொறுப்பாசிரியரும் அதிபரின் கையொப்பமும். வாயால் கேட்டால் வாயாலேயே முடித்துவிடுவார்கள், ஆகவே கடிதமாகக் கொடுங்கள். வருடத் தொடக்கத்திலேயே கொடுங்கள், போட்டிச் சுற்றறிக்கை வந்த பிறகு போனால் "நேற்றோட முடிஞ்சுது" என்பார்கள். அதிபர் அசையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரைப் பாருங்கள். போகும்போது அதிபருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "முதலில் அதிபரிட்ட கேளுங்கோ" என்று வந்த வழியே அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது பெயர். சிரிப்பாகத் தெரியும், ஆனால் நான் கண்டதில் அதிகம் பேரை விழுத்தியது இதுதான். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் முதலெழுத்து மாறி ஒரு பெயர், கழகத்து மாஸ்டர் ஆங்கிலத்தில் தன் காதுக்குக் கேட்டபடி ஒரு பெயர், கொழும்பில் சிங்களத்தில் எழுதித் திரும்ப ஆங்கிலமாக்கி இன்னொரு பெயர். கடைசியில் ஒரே பிள்ளைக்கு நாலு ஆளின் சான்றிதழ். விசேட அனுமதி நேர்முகத்தில் இருக்கிறவர் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் பார்ப்பார், உங்கள் கதையைக் கேட்க அவருக்கு நேரம் இருக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றை இப்போதே முடிவு செய்து, பெரிய எழுத்தில் எழுதி, மாஸ்டருக்கும் பொறுப்பாசிரியருக்கும் கொடுங்கள். 15 வயதில் அடையாள அட்டைக்குப் போடும்போதும் அதே எழுத்து. சான்றிதழ் கையில் தருகிற அன்றே பெயரைப் பாருங்கள். அங்கேயே திருத்துவது ஐந்து நிமிட வேலை, ஊருக்கு வந்த பிறகு திருத்துவது சொல்லி வேலை இல்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து திரும்பி வந்த பிள்ளை என்றால் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, இலங்கைக் குடியுரிமைப் பதிவும் வேண்டும். அதைப் போட்டி வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

வயது. பாடசாலைப் போட்டிகளில், போட்டி நடக்கிற நாளில் பிள்ளைக்கு என்ன வயது என்று பார்ப்பதில்லை, வருடத்துக்கு ஒரு கணக்கு நாள் வைத்துத்தான் பிரிவு பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தாலும் வேறு பிரிவுக்குப் போகலாம், அந்த வருடச் சுற்றறிக்கையை ஒரு தடவை கேட்டு வாங்கிப் படியுங்கள். சர்வதேச மல்யுத்தத்தில் 15 வயதுப் பிரிவு என்பது 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு, 13 வயது என்றால் மருத்துவச் சான்றிதழும் பெற்றோர் சம்மதமும் சேர்த்துக் கொடுத்தால்தான் விடுவார்கள். டைக்வொண்டோவில் அந்தச் சின்னப் பிரிவு 12 இல் தொடங்குகிறது. உலகமே இவ்வளவு பொறுத்துத்தான் இறக்குகிறது என்றால், ஏழு வயதுப் பிள்ளையை "சர்வதேசப் போட்டி"க்குக் கூட்டிப்போகிறேன், இத்தனை ஆயிரம் கட்டுங்கள் என்று வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எந்த அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நடத்துகிறது என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் தராவிட்டால் காசைக் கட்டாதீர்கள்.

கழகங்களிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற "பதிவுச் சான்றிதழ்" பெரும்பாலும் வியாபாரப் பெயர்ப் பதிவு. அரிசிக் கடைக்கும் அதே கடதாசிதான் கொடுப்பார்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். இந்தக் கழகம் விளையாட்டுக் கழகமாகப் பதிந்திருக்கிறதா, மாஸ்டர் எந்தச் சங்கத்தின் கீழ் பழக்குகிறார் என்று அவரிடமே கேட்கலாம். அவர் கந்தோரில் இல்லை, களத்தில் நிற்கிறார், மீற்றிங்கில் இருக்கிறார் என்பார்கள். பொதுமக்கள் சந்திப்பு நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், புதுக்குடியிருப்புக்கோ மாந்தைக்கோ பஸ் பிடித்து வந்து திரும்புகிற செலவு அவர்களுக்குத் தெரியாது.

பழகுகிற இடத்தையும் ஒரு தடவை நேரில் நின்று பாருங்கள். மெத்தை இல்லாமல் சீமெந்துத் தரையில் தூக்கிப்போட்டுப் பழக்கினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், "நாங்களும் இப்படித்தான் பழகினம்" என்ற பேச்சைக் கேட்க வேண்டாம். நிறை குறைக்கிறேன் என்று தண்ணீர் கொடுக்காமல் ஓடவிடுகிற மாஸ்டரிடமும் அதே வேலைதான். விண்ணப்பத்தில் மாஸ்டர் நினைத்த நிறையை எழுதுவார், போட்டி இடத்தில் தராசு வேறு சொல்லும், பிரிவை விட ஒரு கிலோ கூடினாலும் கூட்டி வந்த பிள்ளை சும்மா திரும்ப வேண்டியதுதான். நல்ல தராசில் நிறுத்து, உண்மையான நிறையைக் கொடுங்கள்.

கை மடங்கினால் எங்கள் ஆட்கள் முதலில் ஓடுவது முறிவு நெரிவு வைத்தியரிடம். பத்துப் போடுவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அங்கே கடதாசி கிடையாது. சுரக்ஷா மாணவர் காப்புறுதி 2017 இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 இல் திரும்ப வந்தது. அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரியது, நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் கேட்டு எடுக்க ஆஸ்பத்திரிக் கடதாசி வேண்டும். முதலில் ஆஸ்பத்திரி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற அட்டை, பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், படிவத்தை அதிபர் ஊடாகக் கொடுங்கள். பாடசாலையில் படிவம் இல்லை என்றால் வலயத்தில் கேளுங்கள். அதிபருக்கே தெரியாது என்ற பதில் வந்தால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதற்குப் பிறகு படிவம் எங்கிருந்தோ வந்துவிடும்.

பெண் பிள்ளை வெளி மாவட்டத்துக்குப் போட்டிக்குப் போகிறாள் என்றால் கூடவே போகிற பெண் ஆசிரியர் யார், இரவு எங்கே தங்குகிறார்கள் என்று கேட்காமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அம்மா அப்பா வந்து பார்க்கக்கூடாது என்கிற வகுப்பு எந்த வகுப்பாக இருந்தாலும் வேண்டாம். மாஸ்டர் மீது சந்தேகம் வந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று யாராவது வந்தால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பட்டியலில் பெயர் இல்லை, ஏன் என்று யாரும் சொல்கிறார்கள் இல்லை என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு, இந்த வருடம் எந்தப் பாடசாலையில் இருந்து யார் யாருடைய பெயர் வந்தது, எந்தத் திகதியில் வந்தது, பயணச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்த கையோடு பெற்றுக்கொண்டதற்கான துண்டை வாங்குங்கள், தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.