எலும்பு விலகவில்லை அண்ணே, நடுவு பிடித்திருக்கிறது

"டிஸ்க் விலகிப்போச்சு சார், ஒரு தட்டு தட்டி உள்ள வச்சு விட்டுருங்க." மார்த்தாண்டம் பக்கம் இருக்கும் என் கிளினிக்கில் வாரம் நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். கையில் ஸ்கேன் கவர் இருக்கும். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை. நடுவு என்று எங்கள் பக்கம் சொல்வது கீழ்முதுகை.

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டு, தசைகளைக் கையாலேயே அசைத்துச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி முறைகளைப் பிறகு கற்றுக்கொண்டேன். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874-இல் தொடங்கியது இது. இன்று அங்கே ஆஸ்டியோபதி படித்தவர்கள் அறுவை சிகிச்சை வரை செய்யும் முழு டாக்டர்கள். இங்கிலாந்தில் 1993-இலேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. நம் ஊரில் அந்தக் கெடுபிடி இல்லை. அதனால் உடம்பில் கை வைப்பவரிடம் என்ன படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேளுங்கள். என்னிடமும் கேட்கலாம், கோபப்பட மாட்டேன்.

ஆசான்மார் என்னும் நாட்டு வைத்தியர்களிடம் எண்ணெய் போட்டுத் தடவி வளர்ந்த குமரி மாவட்டம் இது. கைவைத்தியத்தில் நமக்கு நம்பிக்கை அதிகம். சிக்கல், 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் வைத்தியம் ஆனது என்ற எண்ணம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் சட்டென்று அழுத்தம் குறையும்போது வாயுக்குமிழ் உண்டாகிறது, அந்தச் சத்தம்தான் அது. விரலில் சொடக்கு எடுக்கிறோமே, அதேதான். எலும்பு எங்கும் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

தொழில் தொடங்கிய புதிதில் நானும் ஆள் கேட்டதற்காகச் சத்தம் எழுப்பி அனுப்பியிருக்கிறேன். ரெண்டு நாள் சுகமாக இருக்கும். அடுத்த வாரம் அதே ஆள் அதே வலியோடு வந்து நிற்பார்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். நடுவு பிடித்து நிமிர முடியாமல் வந்தார். ஸ்கேனில் 'டிஸ்க் பல்ஜ்', அதாவது டிஸ்க் புடைத்திருக்கிறது என்று இருந்ததைப் பார்த்து வெட்டையே விட்டுவிட நினைத்திருந்தார். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அதில் ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு அந்த பல்ஜ் இருந்தது. இதைச் சொன்னதும் மனிதர் முகம் பாதி தெளிந்துவிட்டது.

கால் விரல்களில் பலம் குறையவில்லை, மரத்தும் போகவில்லை. வலது இடுப்பு மட்டும் திரும்பவே மறுத்தது. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம். வருடம் போகப் போக வெட்டுப்பட்டை கீழே இறங்கும், ஆளும் கூடவே இறங்கி, குனிந்தபடி மரத்தைச் சுற்றித் திருகவேண்டும். பிறகு பால் வாளி, அதுவும் ஒரே கையில்.

அவர் முழங்காலை என் கைக்கு எதிராக ஐந்தாறு நொடி மெதுவாகத் தள்ளச் சொன்னேன். தளர்த்தியதும் இடுப்பு இன்னும் கொஞ்சம் திரும்பியது. அங்கிருந்து மறுபடி தள்ளல். இப்படி நாலு தடவை, இரு பக்கமும். சத்தம் கிடையாது. வீட்டில் செய்ய ரெண்டு பயிற்சி கொடுத்தேன். தாழ்ந்த வெட்டுக்கு ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்ளவும், பாலை ரெண்டு கைக்கும் பிரித்து எடுக்கவும் சொன்னேன். படுத்தே கிடக்காதீர்கள் என்பதைத்தான் மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.

இடுப்பு, கழுத்துப் பிடிப்புக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு கைகொடுக்கும், மந்திரமல்ல. தைராய்டு, சர்க்கரையை இதனால் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நடுவு வலியோடு மூத்திரம் அடைத்தாலோ, அறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ என்னிடம் வர வேண்டாம். நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு, அன்றைக்கே. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்த அடி, பழைய புற்றுநோய் இருந்தாலும் முதலில் டாக்டர். எலும்பு பலமிழந்த வயதானவர்களையும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களையும் முறுக்கவே கூடாது.

சலூனில் முடிவெட்டி முடிந்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்புவார்களே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தக் கழுத்தெலும்பு வழியாகத்தான் ஏறுகிறது. அரிதாகத்தான், ஆனால் கிழிந்தால் பக்கவாதம்.

பால்வெட்டுக்காரர் மூன்றாம் முறை வந்தபோது பேன்டில் முட்டு மட்டும் மண்ணாக இருந்தது. "இன்னும் சத்தமே வரல்லியே சார்" என்றார். வெட்டு முடித்து நேராக வந்திருந்தார்.