ஒரே சர்வரா, பல சிறு கணினிகளா?

இணையதளம், மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, காப்புநகல் என நான்கு வேலைகள் இருக்கின்றன. பெரிய சர்வர் ஒன்றை நான்காகப் பிரிப்பதா, மலிவான நான்கு கணினிகளை வைப்பதா? பலரும் விலையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். எந்தெந்த வேலைகள் ஒன்றாக நின்றுபோனால் தாங்க முடியாது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிரிக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதன்மேல் ஓடும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் முழு இயந்திரமும் தன்னுடையது என்றே நம்பி இயங்கும். ஐபிஎம் 1960களிலேயே பெருங்கணினிகளில் இதைச் சாதித்துவிட்டது. சாதாரணக் கணினிகளிலும் சர்வர்களிலும் இருக்கும் எக்ஸ்86 வகைப் பிராசசர்கள்தான் வெகுகாலம் இடக்குச் செய்தன. ‘பாப்எஃப்’ என்ற கட்டளையைப் பாருங்கள். வன்பொருளிலிருந்து வரும் குறுக்கீடுகளைத் தடுக்கவும் அனுமதிக்கவும் இயங்குதளம் அதைப் பயன்படுத்தலாம். மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் இயங்குதளத்தை ஹைப்பர்வைசர் அதிகாரம் குறைந்த நிலையில்தான் ஓடவிடும். அங்கிருந்து அதே கட்டளை வந்தால் பிராசசர் பிழை எழுப்பாது. அந்த மாற்றத்தை மட்டும் சத்தமின்றி விட்டுவிடும். பிழை எழுந்தால்தானே ஹைப்பர்வைசர் இடைமறிக்க முடியும்? 1999இல் வந்த விஎம்வேர் என்ற மென்பொருள், இத்தகைய கட்டளைகளை ஓட்டத்தின்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. அபாரமான பொறியியல் அது! 2005, 2006இல் இன்டெலும் ஏஎம்டியும் பிராசசருக்குள்ளேயே இதற்கு வழி செய்தன.

சர்வர்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பவை. உச்ச நேரங்கள் வேறுபட்டால் ஒரே பிராசசரை எல்லாரும் தாராளமாகப் பகிரலாம். மெமரி அவ்வளவு இளகாது. ஒதுக்கியது பெரும்பாலும் ஒதுக்கியதுதான். நால்வரும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கினால் நால்வருமே தவிப்பார்கள்.

மின்செலவில் சிறு கணினிகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 6 வாட் எடுக்கும் ஒன்று ஆண்டு முழுதும் ஓடினால் ஏறக்குறைய 53 யூனிட். 60 வாட் சர்வருக்கு 526. அதேசமயம், இவற்றில் பல டிஸ்க்குக்குப் பதிலாக வைத்திருக்கும் எஸ்டி கார்டில் ஓயாமல் எழுதினால் அது தேய்ந்துபோகும். மலிவான சிறு கணினிகளில் பிழைதிருத்தும் மெமரியும் அரிது.

எனவே இணையதளத்தையும் மின்னஞ்சலையும் கோப்புகளையும் மெய்நிகர் கணினிகளாக்குவேன். காப்புநகலை ஒருபோதும் அதே பெட்டிக்குள் வைக்க மாட்டேன். ஒரு மின்வழங்கி எரிந்தால் அசலும் நகலும் சேர்ந்தே எட்டாமல் போகும். கணினிகளின் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் வைத்திருந்தால், அதற்கும் தனிக் கணினிதான். மின்தடைக்குப் பின் எழும் ஹைப்பர்வைசர், வெளிச் சேமிப்பகத்தைப் பெயர் சொல்லித் தேடும். அந்தப் பெயருக்கு முகவரி தர வேண்டிய டிஎன்எஸ், இன்னும் தொடங்காத மெய்நிகர் கணினிக்குள் இருந்தால் இரண்டுமே எழாது.