கார்டியாக் அரெஸ்ட்: நிறுத்தமா, நிற்றலா?

வேலூரில் ஒரு மருத்துவமனை, ஐ.சி.யூ. வாசல். நானும் அங்கே நின்றிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, "அரெஸ்ட் ஆச்சும்மா, சிபிஆர் குடுத்துத் திரும்பக் கொண்டுவந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குடியாத்தம் பக்கத்து அம்மா கூட நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார், அவன் "மாரடைப்பும்மா" என்றான். "மாரடைப்புன்னுதானே திங்கக்கிழமை சேத்தோம், இப்ப இன்னா புதுசா?"

சரியான கேள்வி. மாரடைப்பு என்றால் மார் + அடைப்பு, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபடுவது. அப்போதும் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார். கார்டியாக் அரெஸ்ட் என்றால் துடிப்பே நின்றுபோவது; அதில் பேச்சே கிடையாது, சில நொடிகளில் நினைவு தப்பும், கழுத்தில் நாடி கிடைக்காது. முன்னது பின்னதில் கொண்டுபோய் விடலாம், அதனால்தான் மாரடைப்பு வந்தவரை மானிட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். செய்தித்தாள்களோ இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகின்றன.

'கார்டியா' கிரேக்கத்தில் இதயம். 'அரெஸ்ட்' லத்தீனின் 'ரெஸ்தாரே'யிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; நிற்பது, நிறுத்துவது என்பதுதான் அடிப்படைப் பொருள். போலீஸ் பிடிப்பது அதன் ஒரு கிளை. (நம் 'கைது'கூட அரபியிலிருந்து வந்ததுதான்.)

தமிழில் 'இதய நிறுத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு உறுத்துகிறது. நிறுத்து என்பது பிறவினை, யாராவது நிறுத்த வேண்டும். திறந்த இதய அறுவை சிகிச்சையில் மருந்து செலுத்தி டாக்டர்களே இதயத்தை நிறுத்திவைக்கிறார்கள் பாருங்கள், அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும். நம்மூர் சி.எம்.சி.யில் 1961லேயே திறந்த இதய அறுவை செய்திருக்கிறார்கள். தானாக நிற்பதற்கு 'இதயத் துடிப்பு நிற்றல்' என்பேன். வெறும் 'இதயம் நிற்றல்' போதாது, ஏனென்றால் அரெஸ்டில் பல நேரம் இதயம் அசைவற்றுக் கிடப்பதில்லை, நடுங்கிக்கொண்டே இருக்கும், ரத்தத்தைத் தள்ளுகிற துடிப்புதான் இருக்காது. மின் அதிர்ச்சிக்கு வழிக்கு வருவது இந்த நடுக்க வகைதான், பிழைக்கும் வாய்ப்பும் இதில்தான் கூடுதல்.

டாக்டர் சொன்ன சிபிஆரில் முக்கியமானது நெஞ்சை அழுத்துவது. நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி மீட்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் கௌவன்ஹோவனும் கூட்டாளிகளும் 1960இல் எழுதினார்கள். இன்றைய கணக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். நாலைந்து நிமிடம் ரத்தம் போகாவிட்டால் மூளை கெட ஆரம்பிக்கும், அதனால் துடிப்பு வீட்டில் நிற்பதைவிட, உடனே ஆள் வரக்கூடிய வார்டில் நிற்பது மேல். அப்படியும் அமெரிக்க மருத்துவமனைகளிலேயே, உள்ளே இருக்கும்போது துடிப்பு நின்றவர்களில் ஏறக்குறைய நாலைந்து பேருக்கு ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார்.

இந்தக் கணக்கையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. "துடிப்பு நின்னுச்சும்மா, திரும்ப வந்துடுச்சு" என்றேன்.

"அப்போ நாடி அடங்கல" என்றார்.

"இல்லம்மா, நின்னுதான் போச்சு, அப்புறந்தான் திரும்ப வந்துச்சு."