கன்று வாங்கும் முன் மூடாக்கை நடுங்கள்

பழத்தோட்டம் போட நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, எந்தக் கன்று, எங்கே வாங்குவது என்பதைத்தான். மலேசியாவின் ஜோகூரில் சொந்தக்காரர் நிலம் வைத்திருப்பவரும் கேட்கிறார். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில், குழாயிலிருந்து தள்ளிக் கிடக்கும் சமூகத் தோட்டத்தின் மூலை கிடைத்தவரும் அதையே கேட்கிறார். புலாவ் உபின் தீவில் போலக் கிணற்றையும் ஜெனரேட்டரையும் நம்பியிருக்கும் இடத்துக்கும் கேள்வி மாறுவதில்லை. எங்கள் பதிலும் எல்லாருக்கும் ஒன்றுதான்: கன்றை நான்கு மாதம் கழித்து வாங்குங்கள். அதன் காலடி மண்ணை மூடப் பரப்பும் புல்லும் தழையும்தான் மூடாக்கு; அதைத் தரும் பயிரை முதலில் நடுங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மழை பெய்கிறது. இவ்வளவு மழை இருக்கும்போது தண்ணீர்க் கவலை எதற்கு என்று தோன்றும். அந்த மழை வரும் விதத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும், பிறகு வெயில் சுடும். பேட்டைகளில் பெரும்பாலும் மேல்மண் வழித்தெடுக்கப்பட்டு, கட்டுமான வண்டிகள் ஏறி இறுகிய புளிப்புக் களிமண்தான் மிச்சம். வெறும் களிமண்ணில் கனத்த துளிகள் அறைந்தால் மேற்பரப்பு ஓடு கட்டிக்கொள்ளும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் கால்வாய்க்கு ஓடிவிடும். 2014 ஜனவரி நடுவிலிருந்து 27 நாள் மழை இல்லாமல் போனதே, அந்த மாதிரி நாட்களில் வெறும் மண்ணில் நிற்கும் வாழை இலை மடிந்து தொங்கிவிடும். வெயில் நாளில் காய்ப்புக்கு வந்த ஒரு வாழை 15 லிட்டர் வரை கேட்கும். 200 லிட்டர் பீப்பாய் நான்கு வாழைக்கு மூன்று நாள்தான் வரும். பீப்பாயைப் பெரிதாக்குவதைவிட, மூடாக்குப் போட்டு மண்ணைத் தண்ணீர் பிடிக்கவைப்பது மலிவு.

கணக்கு எங்கே இடிக்கிறது என்றால், மூடாக்கு இங்கே நிலைப்பதில்லை. சூடும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருப்பதால், 10 சென்டிமீட்டர் புல் மூடாக்கு எட்டு முதல் பத்து வாரத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஒரு வாழைக் குத்தைச் சுற்றி மூடாக்குப் போடும் இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் மூன்று சதுர மீட்டர். அதற்கு ஒரு தடவை போட ஏறக்குறைய 300 லிட்டர் தளர்வான புல் வேண்டும், அதாவது பெரிய கறுப்புக் குப்பைப் பை மூன்று. ஆண்டுக்கு ஐந்து தடவை என்றால் பதினைந்து பை. ஒரு வாழைக் குத்துக்கு மட்டும் இவ்வளவு! இதைக் காசு கொடுத்து வாங்கிச் சுமப்பவர்கள் ஓராண்டில் களைத்து விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் மூடாக்கு அதே நிலத்தில் விளைய வேண்டும் என்கிறோம். பழத்துக்கு ஒரு பங்கு இடம் என்றால் மூடாக்குக்கு இரண்டு பங்கு ஒதுக்குங்கள். சமூகத் தோட்டத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது. அங்கே வேலி ஓரத்தில் ஒரு வரிசைப் புல்லும், பேட்டையின் தூங்குமூஞ்சி மரம் உதிர்க்கும் சருகும் சேர்ந்து ஈடுகட்டும்.

எதை நடுவது?

தழையின் அளவில் நேப்பியர் புல்லை எதுவும் மிஞ்சாது. இரண்டு கணு உள்ள கரணைகளை (தண்டுத் துண்டுகளை) 60 × 50 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். முதல் வெட்டு 75 முதல் 80 நாளில், அதன்பின் 45 நாளுக்கு ஒரு தடவை. தரையிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும், ஒட்ட வெட்டினால் துளிர்ப்பு மந்தமாகிவிடும். பழமரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். நேப்பியரின் வேர் பக்கத்துச் செடியின் உரத்தைத் தின்றுவிடும். இலை ஓரம் தோலைக் கிழிக்கும், நீளக்கை சட்டை இல்லாமல் வெட்ட வேண்டாம்.

சிறிய இடத்துக்குச் செராய் (எலுமிச்சைப் புல்) நல்லது. தேக்கா சந்தையில் வேர்க்கட்டையோடு கிடைக்கும் தண்டைத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். அது தரும் தழை நேப்பியரில் ஒரு சிறு பங்குதான், ஆனால் சமையலுக்கும் ஆகும். சரிவான நிலமாக இருந்தால், சரிவுக்குக் குறுக்கே 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிவேர் வரிசை போடுங்கள். அதன் இலை முரடாக இருப்பதால் மெதுவாக மட்கும், மழைக்காலத்தில் அது பெரிய அனுகூலம்.

புல்லில் கரிமம் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை ஈடுகட்டக் கிளைரிசிடியா போன்ற பயறு வகை மரம் ஒன்றிரண்டு வேண்டும். கட்டைவிரலைவிடத் தடித்த, ஒரு மீட்டர் நீளக் கொம்பை 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். மேல் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள், தண்ணீர் தங்காது. ஓராண்டு வளரவிட்டு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மீட்டர் உயரத்தில் கவாத்து செய்யலாம். இந்த இலை இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும், தனியாகப் போட்டால் மண் மறுபடி வெளியே தெரியும். கீழே கிளைரிசிடியா இலை, மேலே புல் என்று அடுக்குங்கள். சவுண்டல் மரம் வேண்டவே வேண்டாம். விதை தெறித்து முளைப்பதைக் களைந்து மாளாது.

புதிதாக வெட்டிய பசும்புல்லைத் தடிமனாகக் குவிப்பதுதான் பலரும் செய்வது. உள்ளே காற்றுப் போகாமல் சூடேறிக் கொழகொழவென்று நாறும், மேல் வேர் வெந்துவிடும். ஒன்றிரண்டு நாள் காயவிட்டுப் போடுங்கள். அவசரமென்றால் பச்சையாக நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மரச்சீவலை மேலே பரப்புவதால் கெடுதல் இல்லை. மண்ணோடு கிளறினால்தான் நுண்ணுயிர்கள் அதை மட்கவைக்க மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடியின் இலையை மஞ்சளாக்கும்.

களிமண்ணில் குழி தோண்டி நடாதீர்கள். தளர்ந்த மண்ணை நிரப்பிய குழிக்குச் சுற்றிலும் இறுகிய சுவர், மழை பெய்தால் அது தொட்டியாகிவிடும். பப்பாளி வேர் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கும். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள். பப்பாளி விதை போட்டவர் ஒரு மேட்டில் மூன்று நான்கு நாற்று வைத்து, பூ வந்ததும் இருபால் பூ உள்ள ஒன்றை மட்டும் நிறுத்தட்டும். வாழையில் அகல இலையுள்ள நீர்க்கன்றை விட்டுவிட்டு, ஈட்டி இலைக் கன்றை எடுங்கள், முடிந்தால் திசு வளர்ப்புக் கன்று. வாடல் நோய் வந்த தோட்டத்தின் கன்றோடும் மண்ணோடும்தான் அந்த நோயைத் தரும் பூஞ்சை பயணம் செய்கிறது. தண்டைக் குறுக்கே வெட்டும்போது உள்ளே செம்பழுப்பு வளையம் தெரிந்தால், அந்தத் தண்டை மூடாக்காகப் போடக் கூடாது.

மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. வாழைக்கு 15, பப்பாளிக்கு 25 சென்டிமீட்டர் வளையம் வெறுமையாக இருக்கட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை ஓயாது. அப்போது தடிமனை ஐந்து சென்டிமீட்டராகக் குறையுங்கள், இல்லாவிட்டால் பப்பாளியின் அடித்தண்டு அழுகும். ஜனவரிக் கடைசியில் மண் ஈரமாக இருக்கும்போதே 10 சென்டிமீட்டருக்கு ஏற்றிவிடுங்கள். காய்ந்த மண்மேல் போட்ட மூடாக்கு, அடுத்துவரும் சிறு தூறலையும் மண்ணுக்கு விடாமல் தானே குடித்துவிடும்.

தார் வெட்டிய வாழைத் தண்டு நல்ல மூடாக்கு. அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வெட்டு முகம் மேலே பார்க்கும்படி பரப்பிக் காயவிடுங்கள். நீளமாகப் பிளந்து குப்புறப் போட்டால் கிழங்குக் கூன்வண்டு அடியில் குடியேறும். இதையே பொறியாகவும் வைக்கலாம்: 30 சென்டிமீட்டர் பிளந்த துண்டைக் குத்தின் ஓரம் இரவு குப்புற வைத்து, காலையில் தூக்கிப் பார்த்து, அடியில் ஒட்டியிருக்கும் கரிய வண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

கொசு எங்கே ஒளிகிறது

மூடாக்குக்குள், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதில்லை. அதற்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும், பழத்தோட்டத்தில் அது எதிர்பாராத இடங்களில் நிற்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஏழு நாள் போதும் என்பதால், வாரம் ஒரு நாள் இவற்றைப் பாருங்கள்: வெட்டிய பப்பாளி மரத்தின் உள்கூடு, வாழை இலைக் காம்பின் கக்கம், மூடாக்கில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, உதிர்ந்த பனை வகைப் பாளை. எல்லாரும் தவறவிடுவது கொடிப்பந்தலின் மூங்கில் கழி. மேல் நுனி கணுவுக்கு மேலே வெட்டப்பட்டிருந்தால், அங்கே விரலளவு தண்ணீர் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. கணுவை ஒட்டி வெட்டுங்கள், அல்லது மணலை இட்டு அடைத்துவிடுங்கள். பப்பாளி மரத்தை அடியோடு வெட்டி, கட்டையில் மண் நிரப்புங்கள்.

மழைநீர்ப் பீப்பாய் வைக்கும் முன் தோட்டக் குழுவிடமும் நகர மன்றத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் தரும். ஆறு சதுர மீட்டர் கொட்டகையிலிருந்து 35 மில்லிமீட்டர் மழையில் 200 லிட்டர் பீப்பாய் நிறையும். உள்வரும் வாயிலும் வழிவாயிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள வலை வேண்டும். பெரும்பாலான பீப்பாய்களில் கொசு வளர்வது உள்ளே இல்லை, குழிந்த மூடியின் மேலேதான். மூடியை மேடாக்குங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

குவியல் வேறு ஆபத்து. மாதக்கணக்கில் கிளறாத மரச்சீவல் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுவைக் கண்டால் உடனே பொறுக்கி அழியுங்கள். அந்த வண்டு துளைப்பது பக்கத்துத் தென்னங்குருத்தை. மூடாக்கைக் குவித்து வைக்காமல் பரப்பி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சமைத்த சோற்றை மூடாக்குக்குள் புதைத்தால் எலி வரும், எலி வந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரலாம். ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள், அது ஊர்ந்த கீரையை நன்கு கழுவிச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமாக ஒன்று. சிங்கப்பூர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும் கிருமி உண்டு. கனமழைக்குப் பிறகு தொற்று கூடுகிறது, நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். இங்கே நம் இந்தியக் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு பேருக்கு என்று தெரியும்தானே? அவர்கள் கையுறையும் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் இல்லாமல் மூடாக்கைக் கிளறக் கூடாது. காயம் இருந்தால் நீர்புகாத பட்டை போட்டு மூடுங்கள், கனமழை பெய்த அன்று மண்வேலையைத் தள்ளிப்போடுங்கள். சில நாளில் காய்ச்சல் வந்து, அது தணியாவிட்டால் டாக்டரிடம் போகும்போது, தோட்டத்தில் மண்வேலை செய்ததையும் நீரிழிவு இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தக் கிருமிக்குத் தனிப் பரிசோதனை தேவை, வழக்கமான பல ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதற்கு வேலை செய்யாது.