ஒடியா தெரிந்தவர் ஒருவர் வேண்டும்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, கடலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வழக்கறிஞர்கள் சிலர் நிவாரணப் பொருள்களோடு போயிருந்தோம். அரிசி மூட்டைகளை இறக்குவது என் வேலை. அதை எவ்வளவு மோசமாகச் செய்தேன் என்பதற்கு மூன்று நாள் நீடித்த இடுப்புவலியே சாட்சி. வரிசையில் வந்த மூதாட்டி ஒருவர் அரிசியை வாங்கிக்கொண்டு நகராமல், மஞ்சள் பையிலிருந்து ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம்போல் காய்ந்திருந்தன; மை கரைந்து பரவியிருந்தது. பத்திரத்தோடு வீடும் போய்விட்டதாக எண்ணி அழுதார். பதிவு எண்ணும் ஆண்டும் படிக்கும் நிலையில்தான் இருக்கின்றன, சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்று விளக்கி, அங்கேயே மனுவையும் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று முழுவதும் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று என்னிடம் வரும் இளம் வழக்கறிஞர்கள் மரக்கன்று நடுவதையும் அன்னதானத்தையுமே முதலில் சொல்கிறார்கள். அவற்றை நான் குறைசொல்லவில்லை. ஆனால் எந்த வேலைக்காக நம்மிடம் கட்டணம் கொடுத்து ஆள் வருகிறதோ, அந்த வேலையை இலவசமாகக் கொடுக்கலாம் என்பது நமக்குக் கடைசியில்தான் தோன்றுகிறது. தினமும் செய்து பழகியதாலேயே அது ஒரு திறமையாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் தொழிலில் இதற்குப் பெரிய சான்று 1979-ஆம் ஆண்டின் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினரான கே.எஃப். ருஸ்தம்ஜி என்னும் காவல்துறை அதிகாரி, பீகார் சிறைகளுக்குப் போய்வந்து, கண்டதை இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதினார். குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையையும் தாண்டி, விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதைப் படித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். கைதியோ அவருடைய உறவினரோ அல்லாத ஒருவர் அப்படி மனுச் செய்வது அன்று வழக்கமே இல்லை. நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்றது. சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வர அவ்வழக்கு வழிவகுத்ததாகச் சொல்லப்படுகிறது. சிறைக்குள் போனால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது ஒரு போலீஸ்காரருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? ருஸ்தம்ஜி நிதி திரட்டப் போயிருந்தால், ஒருவேளை நூறு போர்வைகள் வாங்கிக் கொடுத்திருப்பார்.

அவ்வளவு பெரியதாக இல்லாத ஒன்று, என் கண்முன் நடந்தது. இலவச சட்ட உதவி வழங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் இருப்பவன் என்ற முறையில் நான் கிளைச் சிறைக்குப் போய்வருவது வழக்கம். காவலில் இருப்பவர் யாராயினும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர். ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஓர் இளைஞர், செல்போன் திருட்டு வழக்கில் ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் மூன்று மாதமாக உள்ளேயே இருந்தார். உள்ளூர் ஜாமீன்தாரர் இருவர் வேண்டும் என்பது நிபந்தனை. நான் தமிழிலும் அரைகுறை இந்தியிலும் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார்.

ஓய்வூதிய பாக்கி வழக்குக்காக என் அலுவலகத்துக்கு வரும் முன்னாள் ரயில்வே ஊழியர் ஒருவர், ஒடிசாவின் பிரம்மபூரில் பல ஆண்டு வேலை பார்த்தவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “நானென்ன சார் வக்கீலா? டிக்கெட் பார்த்துப் பார்த்தே கண் போனவன்” என்று தயங்கினார். கண்காணிப்பாளரின் அனுமதி பெற்று அழைத்துப் போனேன். “எந்த ஊர் தம்பி?” என்ற பொருளில் அவர் ஒடியாவில் கேட்ட ஒரே கேள்விக்கு, அந்த இளைஞர் கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். ஜாமீன் கிடைத்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதே ஊரில் வேலை செய்யும் அண்ணனைப் பற்றி, அவரையும் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதபோது நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி, அண்ணனின் முகவரியோடு மனுப் போட்டேன்; ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்த ஜாமீனில் விட்டார்கள். சட்டம் எனக்குத் தெரிந்திருந்தும், அந்தக் கால் மணி நேரம் இல்லாமல் என் மனுவில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

கணக்குத் தெரிந்தவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாத ஒருவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்துவிட்டால் சொந்த ஜாமீனில் விடப்பட வேண்டும். மூன்றாண்டுத் தண்டனைக்குரிய திருட்டு என்றால் ஓராண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. யாருக்கு எந்தத் தேதியில் அந்த நாள் வருகிறது என்று நாள் எண்ணி அட்டவணை போட, வங்கியில் வேலை பார்த்த ஒருவரைப் போல ஒரு வழக்கறிஞருக்குக் கைவராது.

திறமையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நல்லெண்ணம் கொண்ட ஒருவர், “குற்றத்தை ஒப்புக்கொண்டால் உடனே விட்டுவிடுவார்கள்” என்று ஒரு கைதியின் தாயிடம் சொல்லிவைத்தார். மகன் ஒப்புக்கொண்டு வெளியே வந்தான், அந்தத் தண்டனை பிற்பாடு அவனுடைய அரசு வேலை விண்ணப்பத்தில் வந்து நின்றது. அதனால்தான் ஆர்வமுள்ளவர்களை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டு, சட்டம்சார் தன்னார்வலர் பயிற்சி பெற்று வரச் சொல்கிறேன். உதவி தேவைப்படுவோர் அழைக்க வேண்டிய எண் 15100.

ரயில்வேக்காரர் இப்போது என்னோடு தவறாமல் வருகிறார். போன வாரம் போனபோது, காது கேளாத, வாய் பேச முடியாத ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எழுதிக் காட்டியும் அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. சைகை மொழி தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.