முயன்று தவறிக் கற்றல்: ஒரு சொல், இரண்டு பூனைகள்

"சோதனை மற்றும் பிழை மூலம் கற்றுக்கொண்டேன்" என்ற வாக்கியம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. டிரையல் அண்ட் எரர் (trial and error) என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த வினை. தமிழில் சோதனை என்றதும் நினைவுக்கு வருவது "ஆண்டவா, எனக்கு ஏன் இந்தச் சோதனை" என்பதுதான். அப்புறம் வருமான வரிச் சோதனை. இதில் "மற்றும் பிழை" வேறு. எழுதியவர் கற்றாரா, மாட்டிக்கொண்டாரா என்றே புரியவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவர்களுக்கு இதன் பெயர் தெரியும்: முயன்று தவறிக் கற்றல். நல்ல ஆக்கம் இது. டிரையல், எரர் இரண்டும் ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள். தமிழாக்கியவர் அந்த இரண்டையும் வினையெச்சமாக்கி, கற்றலோடு சேர்த்தார். முயன்று, தவறி, கற்றல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது சொல்லிலேயே தெரிகிறது. 'பிழை'யை விட்டுத் 'தவறு'தலை எடுத்ததும் சரிதான். எரர் என்பதன் லத்தீன் மூலத்துக்கு அலைதல், வழி தவறுதல் என்று பொருள். நாமும் "வழி தவறினான்", "தவறி விழுந்தான்" என்றுதானே சொல்கிறோம்? வேண்டுமென்றே செய்யாத சறுக்கல் அது.

இந்தத் தொடரோடு பாடநூல்களில் ஒட்டிக்கொண்டிருப்பவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக். 1898இல் வெளியான தன் ஆய்வுக்காகப் பசித்த பூனைகளைக் கூண்டுப் பெட்டியில் அடைத்து, வெளியே உணவு வைத்தார். ஒரு பெட்டியில் தொங்கும் கம்பி வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனைக்கு அது தெரியாது. பிறாண்டும், கடிக்கும், சந்தில் காலை விடும். எப்படியோ வளையத்தில் கால் மாட்டும். ஒரு பூனை முதல் தடவை வெளியே வர 160 வினாடி ஆயிற்று. இரண்டாம் தடவை 30. சரி, கற்றுவிட்டது என்று நினைத்தால், மூன்றாம் தடவை 90! 24ஆம் தடவை 7 வினாடி. எனக்குப் பிடித்த எண் அந்த 90தான்.

நம் பழமொழியில் இன்னொரு பூனை உண்டு: சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. அதற்குக் கிடைத்தது பட்டறிவு. அனுபவம் என்ற வடசொல்லுக்குத் தமிழில் வைக்கப்படும் சொல் இது. பட்டு + அறிவு. பகுத்து + அறிவு பகுத்தறிவு ஆனது போல. கண்டறிவது, கேட்டறிவது, பட்டறிவது எல்லாம் ஒரே குடும்பம். படு என்றால் துன்பம் மட்டுமல்ல. கண்ணில் பட்டது, கை பட்டது, மனதில் பட்டது, கஷ்டப்பட்டான், சந்தோஷப்பட்டான் என எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று நம்மைத் தொடுகிறது. ஆனால் அனுபவம் வருகிற இடமெல்லாம் பட்டறிவைப் போட முடியாது. பத்திரத்தில் வரும் "அனுபவ பாத்தியதை" நிலத்தை வைத்துத் துய்க்கும் உரிமை; அங்கே பட்டறிவு என்றால் சிரிப்பார்கள்.

முயன்று தவறிக் கற்றலையும் பட்டறிவையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களுக்கு இந்த இரண்டு பூனைகளையும் காட்டலாம். சூடு கண்ட பூனை எதையும் முயலவில்லை. அடுப்பு சுடும் என்று தெரிந்து ஒதுங்கிவிட்டது, அவ்வளவுதான். பெட்டிப் பூனை திரும்பத் திரும்ப முட்டி, கதவைத் திறக்கக் கற்றது. பட்டறிவு தானாகவும் வந்து சேரும். முயன்று தவறிக் கற்க, தவறிய பிறகும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

போன தீபாவளிக்கு நான் முதன்முதலாக அதிரசம் சுட்டேன். முதல் பாகு இளம்பாகு. எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து, சட்டி முழுக்கத் துகளாய் மிதந்தது. அடுத்தது முற்றிப்போய், கடித்தால் பல்லுக்கு ஆபத்து. மூன்றாவது மெத்தென்று வந்தது. அந்தத் தெம்பில் அடுப்பை விட்டு நகர்ந்தேன், நான்காவது பாகு மறுபடி முற்றிவிட்டது. அதுதான் என் 90. அம்மாவிடம் போனில் பதம் கேட்டால், "அதை வாயால சொல்ல முடியாது. ஒரு சொட்டு தண்ணியில விட்டுப் பாரு, விரல்ல உருட்டிப் பாரு" என்றார்.

அந்தப் 'பாரு'வைக் கவனியுங்கள். செய்து பார், போட்டுப் பார், கேட்டுப் பார். முயற்சியைக் குறிக்கத் தமிழ் தினமும் பயன்படுத்துவது முயல் என்ற வினையை அல்ல, இந்தத் துணைவினையைத்தான். செய்வது மட்டும் போதாமல், என்ன ஆயிற்று என்று பார்ப்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இளம்பாகையும் முற்றின பாகையும் எனக்குப் பிரித்துக் காட்டியது தண்ணீரில் விட்ட அந்தச் சொட்டுதான்.

அதனால் கல்வியியல் கட்டுரைக்கு முயன்று தவறிக் கற்றல் இருக்கட்டும். மற்ற இடங்களில் அந்த "சோதனை மற்றும் பிழை"யை அடித்துவிட்டு, "செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதலாம். என் சமையலைப் பற்றியென்றால், "செய்து பார்த்து, கெடுத்துப் பார்த்து".